கரக் கோட்டை வாசலில் உங்களைத் தெரியாது என்று சொன்னது பற்றி

அகபா,
திங்கட்கிழமை, லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பின்.

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணன் தாஹிர் அவர்களின் சமூகத்துக்குத் தம்பி மஷ்ஹூர் ஸலாம் கூறி எழுதுவது. தங்களுக்கும் அண்ணிக்கும் இறைவன் பூரண சுகத்தையும், தங்கள் ஆலிவ் மரங்களுக்கு இந்த வருடமாவது நல்ல காய்ப்பையும் தரட்டும். இங்கே என் வீட்டுக்காரி உம்மு ஹதீல் நலம், மகள் ஹதீல் நலம், என் முழங்காலும் நலம். முழங்காலைப் பற்றித் தனியாக ஏன் எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

புதன்கிழமை முதல் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. பதினேழு முறை அடித்துப் பார்த்தேன். பதினெட்டாவது முறை அண்ணி எடுத்து, "அவரு வீட்டுல இல்லைன்னு சொல்லச் சொல்றாரு" என்றார். பின்னாலிருந்து தாங்கள் இருமியதும் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். கரக்குக்குத் தக்காளி ஏற்றிப் போகும் லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரையும் வீட்டில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம் அண்ணே, அது நான்தான். புதன்கிழமை பதினோரு மணிக்குக் கோட்டை வாசலில் வெள்ளைப் பஸ் வந்து நின்று, அதிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே ஓமான் அங்கியும் பூவேலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, பன்னீர் வாசனை அடிக்கும் ஈரத் துவாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் இறங்கினானே, தாங்கள் மருந்துக்கடையிலிருந்து ஓடி வந்து, "மஷ்ஹூரு, இங்க என்னடா பண்ற, இது என்னடா வேஷம்" என்று தோளைப் பிடித்தபோது, "மன்னிக்க வேண்டும், தாங்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை" என்று மூக்கால் பேசினானே, அவன் தங்களோடு ஒரே தாய்க்குப் பிறந்த இந்தத் தம்பிதான். கோபப்படுவதற்கு முன்னால் கடைசி வரை படித்துவிடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வரப்போவது தங்கள் வீட்டுக்கு. குடும்பத்தில் மூத்தவர் தாங்கள். அவர்களுக்கு முன்னால் காப்பி வைக்கப்படும், அவர்கள் தொட மாட்டார்கள். தாங்கள் "காப்பியைக் குடிங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மகள் அவர்கள் வீட்டுப் பெண். என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். காரணம் கீழே.

ஹதீல் இங்கே கடற்கரைச் சாலை மருந்துக்கடையில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை என்று வந்திருப்பவன் பெயர் லெய்த். ஷோபக் ஊர்க்காரன். பணக்கார வெளிநாட்டுக்காரர்களுக்கு நபிமார்கள் நடந்த பாலைவனத்தையெல்லாம் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. வெயிலில் தோல் கன்றிப்போன சுற்றுலாக்காரர்களுக்குக் களிம்பு வாங்க மருந்துக்கடைக்கு வந்திருக்கிறான். முதல் வாரம் ஒருவருக்கு. அடுத்த வாரம் மூன்று பேருக்கு. பிறகு மழைக்காலத்திலும் வந்திருக்கிறான். மழைக்காலத்தில் யாருக்கு அண்ணே தோல் கன்றுகிறது? இதை நான் கேட்டபோது உம்மு ஹதீல், "பையன் நல்லவன். உங்களுக்குத்தான் சாப்பாட்டுல உப்பு இருந்தாக்கூட யார் போட்டதுன்னு கேக்கணும்" என்றாள். சுங்கத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். பாலாடைக்கட்டி டின்னுக்குள்ளிருந்து கைக்கடிகாரம் எடுத்திருக்கிறேன். நான்கு பேர் அழுதுகொண்டே தூக்கி வந்த சவப்பெட்டிக்குள்ளிருந்து சிகரெட் எடுத்திருக்கிறேன். அந்த நான்கு பேரும் எவ்வளவு அழகாக அழுதார்கள் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான்: சிரித்த முகத்தோடு வருகிறவனின் பெட்டியை முதலில் திற. லெய்த் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒருமுறை அவன் தாயாரோடு வந்தான், அப்போது நான் பள்ளிவாசலில் இருந்தேன். படம் மட்டும் பார்த்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு வழியும் கிடைத்தது. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவரின் மகன் அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கிறான். எட்டு நாள் பயணத்துக்கு முன்பதிவு செய்திருந்த ஓமான் சாம்பிராணி வியாபாரி ஒருவருக்குக் கடைசி நேரத்தில் வர முடியாமல் போய்விட்டதாம், இடம் காலி, வழிகாட்டி லெய்த். "நீங்க வேணா அவரு பேர்ல போயிட்டு வாங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். வீட்டில் மாயின் ஊர் வெந்நீர் ஊற்றுக்கு முழங்கால் வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைநகர் அம்மான் போய்ச் சேர்ந்தேன். ஸலாலா ஊர் ஷேக் ஸாலிம் ஆனேன்.

பயணத்தில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் ஐரோப்பியர்கள். அவர்களில் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு பேரைத்தான்: பெல்ஜியத்திலிருந்து வந்த ஹென்ட்ரிக் என்ற ஓய்வு பெற்ற பல் டாக்டர், அவருடைய மனைவி லிவ் அம்மாள். கல்யாணமாகி ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாட வந்தவர்கள். இருவரும் கைகோத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அதையும் நான் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

இந்தச் சொகுசு என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஈரத் துவாலை, ஏறினால் ஈரத் துவாலை. நாள் ஒன்றுக்குப் பதினான்கு துவாலை. எதைத் துடைக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஹோட்டலில் ஒருவன் வந்து ஏழு வகைத் தலையணையின் பெயரை ஒப்பித்து எது வேண்டும் என்று கேட்டான். ஏழில் ஒன்றைச் சொல்ல வைத்து மனிதனை எடை போடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது, அதனால் தலையணையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கழுத்து இன்னும் வலது பக்கம் திரும்பவில்லை. நெபோ மலையில், மூஸா நபி கால் வைக்க முடியாத பூமியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு உயிர் விட்ட இடத்தில், வெள்ளை விரிப்புப் போட்ட மேசையும் மாதுளைச் சாறும் தயாராக இருந்தன. அங்கே லெய்த் கையை நீட்டி, "வானம் தெளிவா இருந்தா இங்கிருந்தே ஜெருசலேம் தெரியும்" என்றான். வானம் தெளிவாக இல்லை. எதிரே கோதுமை மாவைக் கொட்டியது போல ஒரே புழுதி. ஆனால் அவன் சொல்லி முடித்ததும் எட்டுப் பேரும் ஜெருசலேமைப் பார்த்துவிட்டார்கள். லிவ் அம்மாள் கண்ணீர் விட்டார். நான் அந்த ஊரையல்ல, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாததைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் ஆளுக்குப் பெண் கொடுப்பதா?

முதல் ஹோட்டலிலேயே இன்னொன்று கவனித்தேன். எல்லோரிடமும் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தவன் என்னிடம் மட்டும் கேட்கவில்லை. வரவேற்பு மேசைக்காரன் என்னைக் காட்டி ஏதோ கேட்டபோது, "ஷேக்கோடதை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தபடி தள்ளிவிட்டான். வேலையில் அலட்சியம், அல்லது வேலையில் திருட்டுத்தனம், இரண்டில் ஒன்று என்று மனதில் குறித்துக்கொண்டேன். மாதபா தேவாலயத்தின் தரையில் பழைய காலத்துச் சில்லுக்கல் வரைபடம் இருக்கிறதல்லவா, அங்கே அவன் கரக் என்று எழுதியிருக்கும் இடத்தைக் குச்சியால் தொட்டு, "இந்த ஊர்க்காரங்கதான் இந்த நாட்டுலயே நேர்மையானவங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். ஓமான்காரனிடம் கரக்கை ஏன் புகழ வேண்டும்? உப்புக்கடல் ஓரத்தில் ஒரு கல்தூணைக் காட்டி லூத் நபியின் மனைவி என்று சனங்கள் சொல்வதாகச் சொன்னான். அடுத்த திருப்பத்தில் இன்னொரு தூண். அதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றான். "ரெண்டுல எதுப்பா அசல்?" என்று கேட்டேன். "ஷேக், எது நிஜம்னு திரும்பிப் பாக்கப் போயித்தான் அந்தம்மா கல்லானாங்க, நாம நேரா போயிடலாம்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் காலையில்தான் அன்றைய பயணம் கரக் என்று எனக்கே தெரிந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கவா முடியும். வயிற்று வலி என்று சொல்லிப் பஸ்ஸிலேயே படுத்திருக்கலாம் என்று பார்த்தேன், லிவ் அம்மாள் மாத்திரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இறங்கினேன். அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும். ஆனால் தங்கள் பக்கத்திலிருந்து மட்டும்தான் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். தாங்கள் தோளைப் பிடித்தபோது அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் மூக்கால் பேச எனக்கு மூச்சு இல்லை. அப்போது குறுக்கே வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தங்களோடு பேசினானே ஒருவன், அவன்தான் லெய்த். அவன் பேசியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. இவரு ஸலாலாவுல பெரிய சாம்பிராணி வியாபாரி. இந்த ஊருக்கு இதான் முதல் தடவை."

"என் தம்பி மூக்கை எனக்குத் தெரியாதா?" என்றீர்கள் தாங்கள்.

"மூக்கு உங்க தம்பியோடதாவே இருக்கட்டும். ஆளு வேற."

"அப்ப என் தம்பி எங்க?"

"உங்க தம்பி எங்க இருந்தாலும், இப்படி ஒரு அண்ணன் இருக்கறதுக்குக் கொடுத்து வெச்சவரு. வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

தாங்கள் டீ குடிக்காமல் போய்விட்டீர்கள். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தீர்கள். அண்ணே, நான் அந்தக் கோட்டைக்குள் ஒரு கல்லையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் தங்கள் முதுகைத்தான். அன்று மதியம் மேசையில் மன்ஸஃப் வைத்தார்கள், நம் ஊர்த் தயிர், நம் ஊர் ஆடு. நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவன் மட்டும் ஒன்றும் நடக்காதது போல எல்லோருக்கும் இறைச்சி எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கண்ணைச் சிமிட்டாமல், ஒரு வினாடி தயங்காமல், அவ்வளவு மரியாதையாகப் பொய் சொல்கிற ஆளை நான் என் வேலைக் காலத்தில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரையும் நான் பிடிக்கவில்லை, வேறு துறைமுகத்தில்தான் பிடித்தார்கள்.

ஐந்தாம் நாள் பெட்ராவுக்குப் பக்கத்து ஹோட்டல். மற்றவர்கள் எண்ணெய்க் குளியலுக்குப் போயிருந்த மதிய வேளையில் நான் தோட்டத்து அரளிச் செடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏன் நின்றேன் என்று கேட்காதீர்கள், எட்டு நாளும் நான் எதற்காவது பின்னால்தான் நின்றேன். பஸ்ஸின் அடியில் பெட்டி வைக்கும் கதவு திறந்திருந்தது. லெய்த் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு டாக்டர் ஹென்ட்ரிக்கின் தோல்பையை இழுத்தான், திறந்தான், உள்ளே கையை விட்டு எதையோ எடுத்தான், ஒரு காலுறைக்குள் போட்டுத் தன் முதுகுப் பையில் வைத்தான், தன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அந்த இடத்தில் வைத்தான், மூடினான். அத்தனையும் முடிய நாற்பது வினாடி ஆகியிருக்காது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மகளின் மாப்பிள்ளை திருடன் என்று தெரிந்தால் மனிதன் அழ வேண்டும். நான் அரளிச் செடிக்குப் பின்னால் நின்று, என் கண் இன்னும் மங்கவில்லை என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலச் சாப்பாட்டில் லிவ் அம்மாள் கரண்டியால் கோப்பையைத் தட்டி, ஈஸா நபி பிறந்தபோது ஞானிகள் கொண்டுபோன சாம்பிராணியைப் பற்றி ஷேக் ஸாலிம் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்று வாக்கியம்: திற, இது என்ன, எத்தனை. ஆகவே அரபியில் பேசினேன். சாம்பிராணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு எத்தனை சதவீதம் சுங்க வரி என்பதுதான், அதைத்தான் சொன்னேன். மூட்டையின் அடியில் கல் வைத்து ஏமாற்றுவார்கள் என்றும் சொன்னேன். லெய்த் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் ஐந்து வாக்கியம் சொன்னான். நான் வரி என்றபோது லிவ் அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். நான் கல் என்றபோது ஹென்ட்ரிக் மூக்கைச் சிந்தினார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். "நான் என்ன சொன்னதா சொன்ன?" என்று காதோரம் கேட்டேன். "நீங்க சொன்னதைத்தான் ஷேக். மரத்தைக் கீறினா அது அழும், அந்தக் கண்ணீரை எரிச்சா மணக்கும்னு சொன்னீங்க" என்றான். நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

வாதி ரம்மில் ஏழாம் நாள். காலைத் தேநீருக்கு எல்லோரும் மணலில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லெய்த்தின் முதுகுப் பை கூடாரக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பயணம் முடிந்துவிடும். எழுந்தேன். ஓமான் மூக்கு எங்கே போனதோ, துறைமுகத்துக் குரல் தானாக வந்தது. "யாரும் அசையக் கூடாது. சுங்கம்." ஒட்டகம் ஒன்று எழுந்து நின்றுவிட்டது. பையை எடுத்து வந்து கம்பளத்தின் நடுவில் வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை அவனிடம் சொன்னேன். திற. அவன் திறந்தான். காலுறையைக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து பதினோரு ஓட்டுத் துண்டுகள் விழுந்தன, பழைய மண்பாண்டத்து ஓடுகள், சிவப்புக் கோடு போட்டவை, ஒன்றில் பாதிப் பறவை. ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர் எழுதிய சிறு காகிதம் ஒட்டியிருந்தது. முகாவிர். லூத் குகை. கரக். பெட்ரா. நம் நாட்டுப் பழம்பொருள் ஒரு துண்டு வெளியே போனாலும் சிறை என்பது தங்களுக்குத் தெரியும். "திருடா" என்றேன்.

அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. "மாமா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசலாமா?" என்றான்.

"இங்கேயே பேசு."

அவன் குரலைத் தாழ்த்தி அரபியிலேயே பேசினான். "இது நான் எடுத்தது இல்லை. டாக்டர் எடுத்தது. போற இடமெல்லாம் ஷூ லேஸ் கட்டறேன்னு குனிஞ்சு ஒண்ணொண்ணா பொறுக்கறாரு. நாளைக்கு விமான நிலையத்துல பெட்டியைத் திறந்தா எழுபத்தஞ்சு வயசு மனுஷனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நேர்ல சொன்னா அந்தம்மா முன்னாடி அவமானம். அதான் எடுத்துட்டு அந்த இடத்துல ஹோட்டல் சரளைக்கல்லைப் போட்டேன். திரும்பிப் போறப்ப ஒவ்வொரு இடத்துக் காவலர்கிட்டயும் குடுத்துடுவேன், அதுக்குத்தான் பேர் எழுதி வெச்சிருக்கேன்."

டாக்டரின் காலைப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது லேஸே இல்லாத செருப்பு. ஏழு நாளாக அந்தச் செருப்போடுதான் அந்த மனிதர் குனிந்து குனிந்து லேஸ் கட்டியிருக்கிறார், முப்பத்தோரு வருட சர்வீஸ் வைத்துக்கொண்டு நான் வழிகாட்டியின் பல்லையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டருக்கு அரபி தெரியாது. ஆனால் ஓடுகளைத் தெரியும். அவர் முகம் சுவர் போல வெளுத்துவிட்டது. லிவ் அம்மாள் ஒன்றும் புரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று லெய்த்தைக் கேட்டார்.

லெய்த் என்னைப் பார்த்தான். "மொழிபெயர்க்கட்டுமா மாமா? பெட்டியைத் திறந்தது நீங்க. நீங்க சொல்றபடி சொல்றேன்."

அண்ணே, கடமை என்று வந்தால் நான் சொந்தக்காரன் என்றுகூடப் பார்த்ததில்லை. தங்கள் மைத்துனரின் வானொலிப் பெட்டியைப் பறிமுதல் செய்தவன். ஆனால் அந்தக் கிழவியின் கை டாக்டரின் கையைப் பிடித்திருந்த விதம் இருக்கிறதே, ஐம்பது வருடம் பிடித்துப் பழகிய பிடி. நான் வாயைத் திறந்தேன். "நோ பிராப்ளம்" என்று எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்த ஆங்கிலம் வந்தது. "மை ஸ்டோன். சாம்பிராணி. ஜோக்." லிவ் அம்மாள் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஓமான் நாட்டு நகைச்சுவை இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார்கள். பஸ் ஏறும்போது டாக்டர் என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது, பன்னீர்த் துவாலை ஈரமில்லை.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸலாலா வியாபாரியை அவன் எதற்கு மாமா என்று கூப்பிட்டான்? பஸ்ஸுக்குப் பின்னால் மடக்கிக் கேட்டேன், "எப்ப கண்டுபிடிச்ச?"

"முதல் நாளே மாமா. ஹதீல் போன்ல உங்க படம் இருக்கு. உங்க அண்ணன் சொன்னது சரிதான், அந்த மூக்கை ஒண்ணும் பண்ண முடியாது."

ஆக அண்ணே, இதுதான் நடந்தது. இப்போது தாங்கள் நினைக்கலாம், பையன் திருடன் இல்லையே, ஒரு கிழவரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறானே, பிறகு என்ன என்று. நானும் நேற்று முழுக்க அப்படி நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கப் பயம்தான் கூடுகிறது. அவன் டாக்டரைக் கையால் ஏமாற்றினான். அந்தம்மாவை மௌனத்தால் ஏமாற்றினான். தங்களை நாக்கால் ஏமாற்றினான். என்னை எட்டு நாளும் முகத்தால் ஏமாற்றினான். எல்லாமே நல்லதற்காக, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றிலாவது பிடிபட்டானா? பொய் சொன்னால் காது சிவந்துபோகிற மாப்பிள்ளையாக இருந்தால் பெண்ணைத் தைரியமாகக் கொடுக்கலாம், பிழைத்துக்கொள்வாள். இவன் ஒரு நாள் நேரம் கழித்து வீட்டுக்கு வந்து டயர் வெடித்துவிட்டது என்று சொன்னால் என் மகள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்? நானே எட்டு நாள் எதிரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவில்லையே. ஒரே மகள் அண்ணே. ஆகவே வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு மரியாதையில் குறை வைக்காதீர்கள், உட்காரச் சொல்லுங்கள், பேரீச்சம்பழம் கொடுங்கள், காப்பி வையுங்கள். குடிக்கச் சொல்லாதீர்கள். இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று தங்கள் வாயால் நாசூக்காகச் சொல்லிவிடுங்கள். கோட்டை வாசலில் நான் செய்ததற்குத் தங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். தங்களுக்கு நீண்ட ஆயுளும், அண்ணியின் இடுப்பு வலிக்குச் சுகமும், மைத்துனருக்கு நல்ல வானொலியும் கிடைக்க என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கும் அன்புக்கும் ஏங்கும் தம்பி
மஷ்ஹூர்

பின்குறிப்பு: லாரிக்காரர் டீ குடிக்கிறார், அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். உறையை எடுக்க நான் உள்ளே போன நேரத்தில் ஹதீல் மருந்துக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் மேசை பக்கத்தில் நின்றுகொண்டே முழுவதையும் படித்து முடித்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். "வாப்பா, கூடாரத்துக் கண்ணாடிக் கூரை வழியா யாரோ பாக்கறாங்கன்னு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டீங்களே, அதை எழுதலையே" என்றாள். "உப்புக்கடல் சேத்துல கால் மாட்டி ரெண்டு பேர் தூக்கினதையும் விட்டுட்டீங்க."

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அவருதான். முதல் நாள் சாயங்காலமே போன் பண்ணி, 'உங்க வாப்பா பஸ்ல இருக்காரு. அவரு சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னே இருந்துக்கறேன், அது அவருக்கு மரியாதை. ஆனா உன்கிட்ட மறைச்சு வெக்க எனக்கு வரலை'ன்னாரு. குரலே நடுங்கிச்சு வாப்பா. அப்புறம் தினமும் சொன்னாரு. டாக்டர் ஓடு பொறுக்கினது, சரளைக்கல்லு போட்டது, கரக்குல பெரியப்பாகிட்ட பொய் சொல்லிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காம கிடந்தது, எல்லாம். உம்மாவும் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க." இதைச் சொல்லிவிட்டு, "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். வெந்நீரில் நன்றாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன் அண்ணே, காது சுட்டது.

எட்டு நாளில் என் மகளிடம் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று ஆகிறது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எழுத நேரமில்லை, லாரிக்காரர் எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் காலையிலேயே வந்துவிடுகிறோம். காப்பியைக் குடிக்கச் சொல்லிவிடுங்கள். ஆனால் வைத்த உடனே சொல்லாதீர்கள். கொஞ்சம் ஆறட்டும். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த அளவாவது சந்தேகப்பட உரிமை இருக்கிறது.